திக்குவாயும் திருச்சபையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

திருப்பணிக்கெனத் தம்மை ஒப்புக்கொடுக்க விரும்பும் இளைஞர் ஒருவர் தேர்வுக் குழுவின் முன் வந்து நிற்கிறார் என்று கொள்வோம். கல்வித் தகுதி அவருக்கு உண்டு. சபையின் பரிந்துரைக் கடிதமும் உண்டு. தம் பெயரைச் சொல்லுமாறு கேட்கப்பட்டவுடன் முதல் எழுத்திலேயே அவர் நா தடைப்படுகிறது. குழுவிலுள்ளோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். ஒருவர் பரிவு மிகுந்து அவர் பெயரைத் தாமே சொல்லி முடிக்கிறார். பிற வினாக்கள் இனிமேல்தான் கேட்கப்பட வேண்டும். ஆயினும் தீர்ப்பு அந்தக் கணத்திலேயே ஏறக்குறைய எழுதப்பட்டுவிடுகிறது. அருளுரையைத் தன் வழிபாட்டின் நடுவிடத்தில் வைத்திருக்கும் எந்தத் திருச்சபையிலும் நிகழக்கூடிய காட்சி இது. அத்தீர்ப்பு எதனை ஆதாரமாகக் கொண்டது என்று வினவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திக்கிப் பேசுவோரைப் பற்றி ஒரு சமுதாயம் கொள்ளும் மனப்பான்மை, அத்தடையைப் பற்றி அது அறிந்தவற்றையும், அறிந்ததாக எண்ணிக்கொண்டவற்றையும் பொறுத்தது. குற்றம் நாவில் உள்ளது என்று எண்ணிய காலம் நாவை அறுத்தது. மனத்தில் உள்ளது என்று எண்ணிய காலம் மனத்தைக் குற்றஞ்சாட்டியது. பெற்றோரிடம் உள்ளது என்று எண்ணிய காலம் தாய்மாரைக் கண்ணீர் சிந்த வைத்தது. ஆகவே அறிவு மனப்பான்மையை உருவாக்குகிறது என்பது உண்மை. ஆனால் எல்லா அறிவும் இரக்கத்தை உருவாக்கியதில்லை என்பதும் உண்மையே. இவ்விரண்டு உண்மைகளையும் வரலாற்றில் வைத்துக் காண்போம்.

மோசேயின் நாவு

நம் தமிழ்த் திருமறையின் பழைய மொழிபெயர்ப்பில் பேச்சுத் தடையைக் குறிக்க மூன்று சொற்கள் வழங்குகின்றன. யாத்திராகமம் 4:10இல் மோசே தம்மைத் திக்குவாய் உள்ளவர் என்கிறார். ஏசாயா 32:4இல் தெற்றுவாய் என்னும் சொல் வருகிறது. மாற்கு 7:32இல் இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவன் கொன்னைவாய் உடையவன். மூலமொழிகளில் இவை மூன்றும் வெவ்வேறு சொற்களே.

மோசேயைக் குறித்த எபிரெயத் தொடர் நேர்ப்பொருளில் கனத்த வாய், கனத்த நாவு என்று பொருள்படும். இது திக்குதலைத்தான் குறிக்கிறது என்று அறுதியிட்டுக் கூற இயலாது. நெடுநாள் மீதியானில் ஆடு மேய்த்தவர் எகிப்திய மொழியை மறந்ததைக் குறிக்கிறது என்பாரும், நாவன்மை இன்மையையே குறிக்கிறது என்பாரும் உளர். ஆயினும் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர் இதனைப் பேச்சுக் குறையாகவே கொண்டனர் என்பது அவர்கள் தெரிந்தெடுத்த சொற்களால் விளங்கும். அவருள் ஒரு சொல் இஸ்க்னோபோனோஸ் என்பது. இதே சொல்லைக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் திக்கிப் பேசிய ஒருவரைக் குறிக்கக் கையாண்டிருக்கிறார். அதனைப் பின்னர்க் காண்போம்.

ஈண்டு நாம் கருத வேண்டியவை நான்கு. முதலாவது, திருமறை இக்குறைக்குக் காரணம் கூறவில்லை. காரணம் தேடும் ஆவல் பிற்காலத்தது. குழந்தை மோசேயின் முன் பொன்னும் நெருப்புத் தழலும் வைக்கப்பட்டன என்றும், பொன்னை நோக்கி நீண்ட கையைத் தூதன் தழலின் பக்கம் திருப்பினான் என்றும், தழலை வாயிலிட்டதால் நாவு சுட்டது என்றும் யூத விரிவுரையான யாத்திராகம ரப்பா கதை சொல்லுகிறது. காரணம் இல்லாத குறையை மனிதர் மனம் பொறுத்துக்கொள்வதில்லை என்பதற்கு இக்கதை சான்றாகும்.

இரண்டாவது, கடவுள் மோசேயின் நாவைக் குணமாக்கவில்லை. மனிதனுக்கு வாயைத் தந்தவர் தாமே என்று உரைத்து, அவ்வாயோடு கூட இருப்பதாக வாக்களிக்கிறார். கடவுளின் சினம் மூண்டது மோசே திக்கியதனால் அன்று. வேறொருவரை அனுப்பும் என்று மறுத்ததனாலேயே. அழைப்பு உறுதிப்பட்ட பின்னரும், 6ஆம் அதிகாரத்தில் தம் உதடுகளைப் பற்றி இருமுறை முறையிடுகிறார் மோசே. எனவே குறை நீங்கிய பின் பணி தொடங்கியது என்று கொள்ள இடமில்லை.

மூன்றாவது, ஆரோன் துணைவராக அளிக்கப்பட்டார். மோசேக்குப் பதிலாக அன்று. நன்றாய்ப் பேசக்கூடியவர் என்று கடவுளே சான்று பகர்ந்த அந்த ஆரோன்தான், மோசே மலைமேல் இருந்தபோது மக்கள் கேட்டதற்கு இணங்கிப் பொற்கன்றுக்குட்டியை வார்த்துக் கொடுத்தார். நாவின் ஓட்டமும் தலைமையின் உறுதியும் ஒன்றல்ல என்பதைத் திருமறை இதனினும் தெளிவாய்க் காட்ட வேண்டியதில்லை.

நான்காவது, தாம் வார்த்தைகளின் மனிதர் அல்லர் என்று தொடக்கத்தில் கூறியவரின் நீண்ட உரைகளே உபாகமமாக அமைந்துள்ளன. அந்நூலுக்கு எபிரெய மரபில் வழங்கும் பெயர் தெவாரிம், அதாவது வார்த்தைகள். அதே சொல்லே யாத்திராகமம் 4:10இலும் உள்ளது. அப்போஸ்தலர் 7:22இல் ஸ்தேவான் மோசேயை வார்த்தையில் வல்லவர் என்று போற்றுவதும் நோக்கத்தக்கது.

லேவியராகமம் 21ஆம் அதிகாரம் பலிபீடத்தண்டை சேரலாகாத ஆசாரியரின் உடற்குறைகளை வரிசைப்படுத்துகிறது. குருடும் முடமும் கூனும் அதில் உண்டு. பேச்சுத் தடை அதில் இல்லை. உடற்குறையைக் கடிந்து நோக்கிய அச்சட்டம் விலக்காத ஒன்றை, கிருபையின் காலத்தில் வாழும் நாம் சொல்லாமலே விலக்கி வருகிறோமோ என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாற்கு 7ஆம் அதிகாரத்து மனிதனின் நிலை வேறு. அவன் செவிடன்; அவன் பேச்சுக் குறைக்குச் செவிட்டுத்தன்மை காரணமாயிருக்கக்கூடும். ஆதலால் திக்குதலைக் குறித்த போதனையாக அப்பகுதியை அப்படியே எடுத்தாளுதல் பொருந்தாது. ஆனால் இயேசு அவனை ஜனக்கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துச் சென்றார் என்னும் குறிப்பு மேய்ப்பர் யாவரும் உள்ளத்தில் பதிக்கத்தக்கது. அவன் வாயை அவர் கூட்டத்தாருக்குக் காட்சிப்பொருள் ஆக்கவில்லை.

கிரேக்கரும் ரோமரும்

பேச்சே குடிமகனின் படைக்கலம் என்று கருதிய கிரேக்க உலகில் திக்கிப் பேசுவோரின் நிலை எளிதாய் இருந்திருக்க முடியாது. தம் நான்காம் நூலில் எரோடோட்டஸ் பாட்டஸ் என்பவரைப் பற்றிக் கூறுகிறார். அவர் தம் குரலைக் குறித்து முறையிட டெல்பி ஆலயத்துக்குச் சென்றபோது, லீபியாவில் ஒரு குடியேற்றத்தை நிறுவுமாறு வாக்கு அவருக்குக் கிடைத்தது. கேட்டது குணம், கிடைத்தது பணி. அவர் நிறுவிய சிரேனே நகரே, பின்னாளில் இயேசுவின் சிலுவையைச் சுமந்த சீமோனின் ஊர். பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதிய பௌசானியாஸ், பாட்டஸ் ஒரு சிங்கத்தைக் கண்டு அஞ்சி உரக்கக் கூவியதனால் குரல் தெளிந்தார் என்று ஒரு முடிவைத் தருகிறார். மோசேயின் கதைக்குக் காரணம் சேர்க்கப்பட்டதுபோல, பாட்டஸின் கதைக்குக் குணம் சேர்க்கப்பட்டது. குணமாகாத திக்குவாயர் ஒருவர் பெருஞ்செயல் புரிந்தார் என்பதை ஏற்பது மக்களுக்கு அவ்வளவு கடினம்.

கூழாங்கற்களை வாயிலிட்டுப் பேசிப் பழகிய தெமஸ்தனிஸின் வரலாற்றை நம் பள்ளிச் சிறுவரும் அறிவர். புளூட்டார்க் எழுதிவைத்த இச்செய்தி எண்ணற்றோருக்கு ஊக்கம் அளித்துள்ளது. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. முயன்றால் வெல்லலாம் என்னும் கதை, வெல்லாதவன் முயலவில்லை என்னும் தீர்ப்பாக எளிதில் மாறிவிடுகிறது.

மருத்துவ நூலோர் நாவின் தன்மையில் காரணம் தேடினர். அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் வினாத்தொகுப்பு, எண்ணத்தின் வேகத்துக்கு நாவு ஈடுகொடுக்காமையே காரணம் என்றும், திக்குவோர் துயர இயல்பினர் என்றும் கூறிற்று. நாவின் ஈரமும் வறட்சியும் காரணம் என்பது கேலன் வழிவந்த கருத்து. இக்கொள்கை நெடுங்காலம் நிலைத்தது. 1627இல் வெளிவந்த நூலில் பிரான்சிஸ் பேக்கன், நாவின் குளிர்ச்சியே பெரும்பாலும் காரணம் என்றும், அளவாய் மது அருந்தினால் நாவு சூடேறித் திக்குதல் குறையும் என்றும் எழுதினார். பேச்சுத் தெளிவு வேண்டிக் குழந்தையின் நாவில் வசம்பு உரைத்துத் தடவும் நம் நாட்டுப் பாட்டிமாரும், நாவையே சரிசெய்ய வேண்டும் என்னும் அதே எண்ணத்தில் நிற்பவர்களே.

ரோமருள் பேரரசர் கிலவுதியுவின் வாழ்வு நமக்குத் தனிச்சிறப்புடையது. அப்போஸ்தலர் நடபடிகளில் இருமுறை பெயர் சொல்லப்படுபவர் அவர். அவர் திக்கிப் பேசினார்; நடையிலும் தளர்ச்சி இருந்தது. பெற்ற தாயே அவரை இயற்கை முற்றுப்பெறச் செய்யாத பிறவி என்று இகழ்ந்ததாகச் சூட்டோனியஸ் எழுதுகிறார். அவரைப் பொதுமக்கள் முன் அமரச் செய்யலாமா, கேலிக்கு இடமாகுமா என்று பேரரசர் அகுஸ்து தம் மனைவிக்குக் கடிதங்கள் எழுதினார். அறையினுள் ஒதுக்கப்பட்ட கிலவுதியு அங்கிருந்து எத்ரஸ்கரின் வரலாற்றை 20 நூல்களாகவும், கார்த்தேஜின் வரலாற்றை 8 நூல்களாகவும் எழுதினார். கி.பி. 41 முதல் 54 வரை பேரரசையும் ஆண்டார்.

அகுஸ்துவின் கடிதமொன்றில் வியப்பான குறிப்பு ஒன்று உண்டு. உரையாடலில் இவ்வளவு தெளிவின்றிப் பேசுபவன், பயின்ற உரையை மேடையில் எவ்வாறு தெளிவாய் நிகழ்த்துகிறான் என்பது விளங்கவில்லை என்கிறார். இன்றைய பேச்சுமருத்துவர் இதனைக் கேட்டு வியவார். திக்குதல் இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறுவது அதன் இயல்பு. ஆனால் இவ்வியல்பை அறியாதோர், முன்பு சரியாய்ப் பேசினானே, இப்போது மட்டும் ஏன் திக்குகிறான் என்று ஐயுறுகின்றனர். அறியாமையிலிருந்து பிறக்கும் பழிகளுள் இதுவே மிகப் பழையது.

மடாலயத்தில் ஒரு குரல்

இடைக்காலத் திருச்சபையில் சுவிட்சர்லாந்து நாட்டுப் புனித கால் மடாலயத்துத் துறவி நோட்கர் நினைக்கத்தக்கவர். சுமார் 840இல் பிறந்து 912இல் மறைந்த இவருக்குத் திக்குவாயர் என்னும் பொருளுடைய பால்புலுஸ் என்ற அடைமொழி நிலைத்துவிட்டது. தம்மைப் பல்லில்லாதவன், திக்குவாயன் என்று அவரே எழுதிக்கொண்டார். ஆயினும் அம்மடாலயம் அவரை ஆசிரியராகவும் நூலகப் பொறுப்பாளராகவும் வைத்துப் போற்றியது. வழிபாட்டில் அல்லேலூயாவை அடுத்துப் பாடப்பட்ட செய்யுட்களை அவர் இயற்றித் தொகுத்த நூல், 884ஆம் ஆண்டளவில் ஆயர் ஒருவருக்குப் படைக்கப்பட்டது. அதே மடாலயத்தில் நூறாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த வரலாற்றாசிரியர் எக்கெகார்டு, நோட்கரின் தடை குரலில் இருந்ததேயன்றி ஆவியில் இருந்ததில்லை என்று பொருள்பட எழுதினார்.

இங்கு மருத்துவ அறிவு எதுவும் வளர்ந்துவிடவில்லை. கேலனின் கொள்கைக்கு மேல் அத்துறவிகள் ஒன்றும் அறியார். ஆனால் நாள்தோறும் நோட்கரோடு கூடி உண்டு, ஜெபித்து, அவரிடம் பாடம் கேட்டு வாழ்ந்தனர். அவரை அறிந்திருந்தனர். ஒரு குறையைப் பற்றிய அறிவு ஒன்று. அக்குறையுடைய மனிதரைப் பற்றிய அறிவு மற்றொன்று. இவ்வேறுபாடு கட்டுரையின் முடிவில் நமக்குப் பயன்படும்.

கத்தியும் பிரசங்க பீடமும்

19ஆம் நூற்றாண்டு நாவுக் கொள்கையின் உச்சத்தையும் வீழ்ச்சியையும் கண்டது. பெர்லின் நகரத்து அறுவை மருத்துவர் டீபன்பாக், மாறுகண்ணைத் தசை வெட்டிச் சரிசெய்து புகழ் பெற்றவர். திக்குதலும் தசை இறுக்கமே என்று ஒப்பிட்டெண்ணி, 1841இல் நாவின் வேர்ப்பகுதியைக் குறுக்கே வெட்டி எடுக்கும் அறுவையைத் தொடங்கினார். பிரான்சிலும் இங்கிலாந்திலும் பலர் அவரைப் பின்பற்றினர். மயக்க மருந்து பரவலாக அறியப்பட்டது 1846இல்தான். எனவே இவை யாவும் நோயாளி விழித்திருக்கவே செய்யப்பட்டன. சிலர் உயிரிழந்தனர், பயன் நிலைக்கவில்லை, விரைவில் இம்முறை கைவிடப்பட்டது. டீபன்பாக் கொடியவர் அல்லர். தம் காலத்தின் சிறந்த மருத்துவருள் ஒருவர். தவறான அறிவு நல்லோர் கையிலும் கத்தியாகிவிடும் என்பதே ஈண்டுள்ள பாடம்.

அந்நூற்றாண்டின் இங்கிலாந்துத் திருச்சபையில் திக்கிப் பேசிய இருவர் நம் கருத்துக்கு நேரே உரியவர். ஒருவர் சார்லஸ் கிங்ஸ்லி. குருவாகவும், நாவலாசிரியராகவும், தொழிலாளர் நலனுக்காக எழுதியவராகவும் புகழ்பெற்ற இவர் 1873இல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் கேனன் ஆனார். உரையாடலில் திக்கிய கிங்ஸ்லி பிரசங்க பீடத்தில் பெரும்பாலும் தடையின்றிப் பேசினார். 1859இல் திக்குவோர்க்காக ஒரு கட்டுரையும் எழுதினார்.

மற்றவர் சார்லஸ் டாட்ஸன். லூயிஸ் கரோல் என்ற புனைபெயரால் 1865இல் ஆலிஸின் அற்புத உலகக் கதையை வெளியிட்டு அழியாப் புகழ் பெற்ற அவரேதான். குருவின் மகனாகப் பிறந்த அவரும் உடன்பிறந்தோர் பலரும் திக்கிப் பேசினர். ஆக்ஸ்போர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணிதம் கற்பித்த அவர், 1861 டிசம்பரில் பேராயர் வில்பர்போர்ஸ் கைகளால் டீக்கன் பட்டம் பெற்றார். கல்லூரியின் விதிப்படி அடுத்துக் குருப்பட்டம் பெற்றிருக்க வேண்டும்; அவர் பெறவே இல்லை. கல்லூரியும் விதியைத் தளர்த்தி அவரை விட்டுவிட்டது. காரணங்கள் பல கூறப்படுகின்றன. பேச்சுத் தடை அவற்றுள் ஒன்று. பிற்காலத்தில் அவ்வப்போது அருளுரை ஆற்றினாரெனினும், 1898இல் மறையும் வரை டீக்கனாகவே இருந்தார்.

ஒரே திருச்சபை, ஒரே தலைமுறை, ஒரே தடை. ஒருவர் பீடம் ஏறினார். மற்றவர் படியிலேயே நின்றார். இருவரும் ஜேம்ஸ் ஹண்ட் என்னும் ஒரே பயிற்சியாளரிடம் சென்றவர்கள். இந்த ஹண்ட் திக்குவோரிடம் பொறுமை காட்டிய அதே ஆண்டுகளில், 1863இல் இலண்டனில் மானிடவியல் கழகத்தை நிறுவி, கருப்பின மக்கள் தாழ்ந்தவர் என்று வாதாடினார். ஓரிடத்தில் கண் திறந்தவர் மற்றோரிடத்தில் குருடராயிருத்தல் கூடும். அறிவைப் பற்றி நாம் பெருமை கொள்ளுமுன் இதனையும் நினைவில் வைத்தல் நலம்.

1936 டிசம்பர் 13ஆம் நாள், முடிதுறந்த எட்டாம் எட்வர்டுக்குப் பின் ஆறாம் ஜார்ஜ் மன்னரான சில நாட்களில், கேன்டர்பரி பேராயர் காஸ்மோ லாங் வானொலியில் பேசினார். புதிய மன்னரின் பேச்சில் சில வேளைகளில் சிறு தயக்கம் தோன்றும் என்றும், அதனை அவர் அடக்கி ஆளுகிறார் என்றும், கேட்போர் சங்கடப்பட வேண்டியதில்லை என்றும் உரைத்தார். நல்லெண்ணத்தோடு கூறியிருக்கலாம். ஆனால் ஒரு மனிதர் தம் வாயைத் திறக்குமுன்னே அவர் குறையை உலகுக்கு அறிவிப்பது கேட்போரின் கவனத்தை அதன்மேல் திருப்பாமல் இராது. 1926 முதல் லயனல் லோக் என்பவரிடம் பொறுமையாய்ப் பயின்று வந்தார் மன்னர். 1939 செப்டம்பர் 3ஆம் நாள் போர் தொடங்கியபோது தாமே நாட்டு மக்களோடு பேசினார். லோக் அளித்தது துணை. பேராயர் அளித்தது விளக்கம். திக்குவோருக்கு எது தேவை என்பது சொல்லாமலே விளங்கும்.

அறிவின் பெயரால் ஒரு தீங்கு

20ஆம் நூற்றாண்டில் ஆய்வின் நடுவிடம் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்கு மாறியது. அங்கே பணியாற்றிய வெண்டல் ஜான்சன், தாமே திக்கிப் பேசியவர். குழந்தைகள் யாவரும் பேசக் கற்கும்போது தடுமாறுவர். அத்தடுமாற்றத்தைப் பெற்றோர் திக்குதல் என்று பெயரிட்டுக் கண்டிப்பதாலேயே அது திக்குதலாக உறுதிப்படுகிறது என்பது அவர் வகுத்த கொள்கை.

இதனைச் சோதிக்க விரும்பி, 1939இல் டேவன்போர்ட் நகரத்து அநாதை இல்லத்தில் 22 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. ஜான்சனின் வழிகாட்டுதலில் மேரி டியூடர் என்னும் மாணவி அதனைச் செய்தார். இயல்பாய்ப் பேசிய 6 குழந்தைகளிடம், உங்கள் பேச்சு பழுதுடையது, திக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று மாதக்கணக்கில் கூறப்பட்டது. குழந்தைகள் திக்குவோர் ஆகிவிட்டனர் என்று பின்வந்த ஆய்வாளர் ஏற்கவில்லை. ஆனால் அவர்கள் பேசவே கூசினர். வகுப்பில் வாய் திறக்க அஞ்சினர். ஆய்வேடு நூலகத்தில் உறங்கியது. 2001இல் செய்தித்தாளொன்று இதனை வெளிப்படுத்தியபின் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கோரியது. 2007இல் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீடு அளிக்க உடன்பட்டது. பாதிக்கப்பட்டோர் அப்போது முதுமை எய்தியிருந்தனர். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளாகையால் அன்று அவர்களுக்காகக் கேட்க ஒருவரும் இருந்ததில்லை. திக்கற்ற பிள்ளைகளை ஒடுக்காதிருக்கும்படி திருமறை ஏன் மீண்டும் மீண்டும் கட்டளையிடுகிறது என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

ஜான்சனின் கொள்கை மற்றொரு வகையிலும் தீங்கு விளைத்தது. அமெரிக்கப் பழங்குடியினர் சிலரிடம் திக்குதலுக்குச் சொல்லே இல்லை, ஆகவே திக்குவோரும் இல்லை என்று 1944இல் அவர் எழுதினார். அம்மொழிகளில் அதற்குச் சொற்கள் உண்டு என்பதை 1983இல் வெளியான ஆய்வு காட்டியது. இதற்கிடையே, பிள்ளை திக்குவது உன்னால்தான் என்று கேட்ட தாய்மார் எத்தனை பேர்! உளப்பகுப்பாய்வாளரும் இதனை நரம்புத் தளர்ச்சி நோயாக வகைப்படுத்திக் குழந்தைப் பருவ மனச்சிக்கலில் வேர் தேடினர். நாவின்மேல் இருந்த பழி தாயின்மேல் இறங்கிற்று.

இன்று அறியப்படுவன

இன்றைய அறிவு அப்பழியைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. திக்குதல் பொதுவாக 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குகிறது. குழந்தைகளுள் நூற்றுக்கு ஐவர் அளவில் இது ஒரு காலத்தில் தோன்றுகிறது. அவர்களுள் நால்வரில் மூவர் அளவில் நலமடைகின்றனர். வயது வந்தோருள் நூற்றுக்கு ஒருவர் அளவில் இது நிலைக்கிறது. அவர்களுள் ஆண்கள் பெண்களைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. இது குடும்ப வழியில் வருவது. பேச்சை இயக்கும் மூளைப் பகுதிகளின் இணைப்பில் வேறுபாடு காணப்படுகிறது. 2010இல் வெளியான ஆய்வொன்று பாகிஸ்தான் நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்து, திக்குதலோடு தொடர்புடைய மரபணு மாற்றங்களைக் கண்டறிந்தது. அச்சமும் பதற்றமும் திக்குதலை மிகுவிக்கக்கூடும். ஆனால் அவை அதன் மூலகாரணம் அல்ல. அறிவுக் குறைவோடு இதற்கு உறவு இல்லை.

இவ்வளவும் அறிந்தபின் மனப்பான்மை மாறிவிட்டதா? இங்குதான் நம் சிந்தனைக்குரிய செய்தி உள்ளது. 1970இல் யைரி, வில்லியம்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர், திக்கும் சிறுவரை விவரிக்குமாறு பேச்சுப் பயிற்சியாளர்களையே கேட்டனர். கூச்சமுள்ளவர், பதற்றமுள்ளவர், தன்னம்பிக்கையற்றவர் என்னும் வகையான சொற்களே மிகுதியாய் வந்தன. இத்துறையில் தேர்ந்தோரே இவ்வாறு எண்ணினர். இதன் காரணத்தை 1984இல் ஒயிட், காலின்ஸ் என்போர் எடுத்துக்காட்டினர். திக்காதவரும் அச்சத்தில் சில வேளை தடுமாறுவதுண்டு. அந்தத் தம் அனுபவத்தை அளவுகோலாக்கி, எப்போதும் திக்குபவர் எப்போதும் அஞ்சுபவராயிருப்பார் என்று முடிவு கட்டுகின்றனர். அதாவது நாம் பிறரைக் காணவில்லை. பிறரில் நம்மையே காண்கிறோம்.

ஆகவே நூலறிவு மட்டும் போதாது. தவறான அறிவைக் களைய அது இன்றியமையாதது. அது இல்லாவிடில் கத்தியும் பழியும் மீண்டும் வரும். ஆனால் மனப்பான்மை முற்றும் மாறுவதற்குப் புனித கால் மடாலயத்தார் நோட்கரை அறிந்திருந்த அந்த மற்ற அறிவும் வேண்டும். 1957இல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு திக்கிப் பேசியவர். அவர் கொள்கையை ஏற்றோரும் மறுத்தோரும் அவர் சொல்லுக்குக் காத்திருந்தனர். அரசியல் மேடை காத்திருக்க அறிந்ததைத் திருச்சபை அறியாதிருத்தல் தகாது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மேய்ப்பராகிய நாமும், மேய்ப்பராகவிருக்கும் நம் மாணவரும் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறி முடிப்போம்.

முதலாவது, தேர்வுக் குழுக்கள் நாவின் ஓட்டத்தை அழைப்பின் சான்றாகக் கொள்ளலாகாது. பவுலின் பேச்சு அற்பமானது என்று கொரிந்துவில் அவர் எதிரிகள் கூறினர் என்பதை 2 கொரிந்தியர் 10:10இல் அவரே எழுதுகிறார். அக்குழுவிடம் பவுல் தேறியிருக்கமாட்டார்.

இரண்டாவது, திக்குவோருள் பெரும்பாலோர் பிறரோடு சேர்ந்து வாசிக்கும்போதும் பாடும்போதும் தடையின்றிச் சொல்லுகின்றனர் என்பது நெடுநாளாய் அறியப்பட்ட உண்மை. விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் சபை ஒருமித்துச் சொல்லுகையில், வாரம் முழுவதும் தடைப்பட்ட ஒரு நாவு அங்கே விடுதலை பெறுகிறது. இதனை அறிந்த ஆயர், வழிபாட்டு முறையை விரைந்து முடிக்க வேண்டிய சடங்காகக் கருதமாட்டார். அதே வேளையில், தனித்து வாசிக்கும் வாய்ப்பையும் அவர்களுக்கு மறுக்கலாகாது. வாசிப்பவர் வேண்டுமளவு நேரம் எடுத்துக்கொள்ளட்டும். சபை காத்திருக்கப் பழகட்டும்.

மூன்றாவது, குணமாக்கும் ஜெபத்தைப் பற்றியது. விசுவாசம் இருந்தால் நாவு கட்டவிழும் என்று மேடைக்கு அழைத்து, கட்டவிழாதபோது விசுவாசக் குறைவென்று அனுப்பிவிடும் வழக்கம், மாற்கு 7ஐ நினைத்து யாத்திராகமம் 4ஐ மறந்ததன் விளைவு. ஒருவனைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துச் சென்றவரும், மற்றொருவனைக் குணமாக்காமலே பார்வோனிடம் அனுப்பியவரும் ஒரே கடவுளே.

நான்காவது, மிக எளியது. அதனாலேயே மிகக் கடினமானது. பிறர் சொல்லை நாம் முடித்துவைக்காதிருப்போம். நாமும் பலமுறை பரிவு என்று எண்ணி அவ்வாறு செய்திருக்கிறோம். அது பரிவன்று, நம் பொறுமையின்மை என்பதை இன்று ஒப்புக்கொள்கிறோம். எதிரே நிற்பவர் கண்ணை நோக்கி, அவர் சொல்ல வந்ததை அவரே சொல்லி முடிக்கும்வரை கேட்டிருத்தல் ஒரு திருப்பணி.

தொடக்கத்தில் தேர்வுக் குழுவின் முன் ஓர் இளைஞரை நிறுத்தினோம். அவர் பெயர் இன்னும் நமக்குத் தெரியாது. ஏனெனில் அவர் சொல்ல நாம் விடவில்லை. மோசேயைப் பெயர் சொல்லி இருமுறை அழைத்த கடவுள், கனத்த நாவு உரைத்த மறுமொழி முழுவதையும் கேட்டபின்னரே தாம் பேசினார். அவருடைய ஊழியக்காரராகிய நாம் ஒரு பெயர் முழுதாய் வெளிவரும்வரை காத்திருக்கக் கடமைப்பட்டுள்ளோம்.